வடிவம்மா துரும்பு வாங்கிய மந்தை

சூறாவளி அடித்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், பங்குனி பிறந்த கையோடு, ஊத்துக்கல் தேயிலைத் தோட்டத்தின் கீழ் வரிசை வீடுகளான பணிய லயத்தில் வடிவம்மா தன் புருஷனிடம் துரும்பு கேட்டாள்.

கேட்டது வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வைத்து. பக்கத்துக் காம்பராவில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவளின் காதில் அது விழுந்தது. அவள் தட்டுவதை நிறுத்தினாள். சத்தம் நின்றதே என்று அதற்கடுத்த காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள். அப்படியே ஒவ்வொரு வாசலாக ஏறி, சேதி லயத்தின் கடைசித் தொங்கல் காம்பரா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மதுரைப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்த சனம் அது. அவர்களுக்குள்ளே கட்டின தாலியை அறுத்துக்கொள்ளக் கோர்ட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. நாலு பேர் கூடி நிற்கும்போது புருஷன்காரன் ஒரு புல்லின் தாளைப் பிடுங்கிப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் அதை வாங்கிக்கொண்டால் முடிந்தது. துரும்பு வாங்கினவள் விரும்பினால் இன்னொருத்தனுக்கு வாக்கப்படலாம், விரும்பாவிட்டால் சும்மா இருக்கலாம். யாரும் ஏனென்று கேட்க முடியாது.

எல்லோரும் திகைத்துப்போனது அந்த வழக்கத்தைப் பார்த்து அல்ல. வடிவம்மாவும் சின்னமாயனும் சண்டை போட்டதை அந்த லயத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. அவன் பீலியடிக்குப் போய்ப் பெண்டாட்டிக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுக்கிறவன். "வாளிக்காரரு வர்றாரு" என்று ஆம்பிளைகள் கேலி பேசினால், "ஆமாய்யா, ஒங்க வீட்டுக்கும் ஒரு வாளி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போவான். பிள்ளை ஒன்று பிறந்து தங்காமல் போனபோது அவளோடு உட்கார்ந்து அழுததும் அவன்தான். அப்படிப்பட்டவனிடம் துரும்பு கேட்டால்?

காரணம் கடலுக்கு அக்கரையில், இந்தியாவில் இருந்தது.

வடிவம்மாவின் அப்பன் பெத்தணனும் சின்னமாயனின் ஆத்தாள் ஒச்சம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அண்ணன் மகளைத் தன் மூத்த மகனுக்குக் கட்டிக்கொண்டாள் ஒச்சம்மா. அத்தை வீட்டுக்கு மருமகளாகப் போன வடிவம்மாவுக்கு வாசல் மாறியதே தவிர வேறெதுவும் மாறவில்லை. எல்லாம் ஒரே லயம்தான். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே, எந்த நாட்டுப் பிரஜையாக இருப்பதென்று எழுதிப் போடுகிற காலம் வந்தபோது அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள். பெத்தணன் மகளையும் சேர்த்து இந்த நாட்டுப் பிரஜையாகப் போட்டார். புருஷனை இழந்த ஒச்சம்மா, தன் அப்பன் பிறந்த ஊரில் காடு கரை இருப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டு, பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போட்டாள். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போனால் பார்ப்போம் என்று இருந்துவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்து ஒச்சம்மா வீட்டுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. சித்திரைக்குள் கப்பல்.

பெத்தணனுக்கு அதற்கு முந்தின ஐப்பசியில் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும், கஞ்சி ஊட்ட ஆள் வேண்டும். வடிவம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. சின்னமாயனுக்கோ கல்யாணமாகாத இரண்டு தங்கச்சிகள். அவர்களையும் ஆத்தாளையும் முன்பின் தெரியாத ஊருக்குத் தனியாக அனுப்ப அவனால் முடியாது. அவளும் போக முடியாது, அவனும் இருக்க முடியாது. இதில் யார் மேல் குற்றம் சொல்ல?

"நான் போய் அவுகளக் குடி வச்சுட்டுத் திரும்பி வந்துருவேன்ல. அதுக்குப் போயி துரும்பு கேக்குறியா?" என்றான் சின்னமாயன்.

"எங்க சித்தப்பாவும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு" என்றாள் வடிவம்மா.

அந்தச் சித்தப்பா கதை அவனுக்கும் தெரியும். வடிவம்மாவின் ஆத்தாளுக்குத் தங்கச்சி அன்னலட்சுமி. பூனாகலைத் தோட்டத்தில் வாக்கப்பட்டவள். அவளுடைய புருஷன் முதல் முதலாகப் போன கூட்டத்தோடு கப்பலேறினார். போய்ச் சேர்ந்ததாக ஒரு கடுதாசி வந்தது, அவ்வளவுதான். அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டாரோ, செத்துத்தான் போனாரோ தெரியாது. அன்னலட்சுமி நெற்றியில் பொட்டு வைத்தால் "யாருக்காக?" என்று கேட்டார்கள். வைக்காவிட்டால் "உசுரோட இருக்கிறவனுக்கு ஏன் இப்படி?" என்றார்கள். கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டை எடுக்கப் போனால் பின்னாலிருந்து ஒரு கை மெல்ல வந்து வாங்கிக்கொள்ளும். எழவு வீட்டில் தாலியறுத்தவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தால் அங்கேயிருந்தும் எழுப்பிவிடுவார்கள். பூ முடிக்கவும் வழியில்லை, எடுக்கவும் வழியில்லை. தோட்டத்தில் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்த ஒருவரும் உண்டு. "துரும்பு வாங்கினவளா?" என்று பெரியவர்கள் கேட்டதும் அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

வடிவம்மா பயந்தது அந்த வாழ்க்கைக்கு. புருஷன் போவதைத் தாங்கிக்கொள்ளலாம். போனவன் பெயரில் காலம் பூராவும் முடிந்து வைக்கப்பட்டிருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு பேரும் சேவுகக் கங்காணியிடம் போனார்கள். ஆட்களை வேலை வாங்குகிற அந்தக் கங்காணிப் பதவி போய் ரொம்ப நாளாகிவிட்டாலும் கோட்டுச் சட்டையையும் பிரம்பையும் அவர் விடவில்லை. ஒச்சம்மாவின் பாட்டனும் அவருடைய பாட்டனும் ஒரே கூட்டமாக இந்த மலை ஏறியவர்கள். நல்லது கெட்டதுக்கு அவர் வார்த்தைதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"குடுக்கிறதுன்னா குடுக்கட்டும். எங்க வச்சுக் குடுக்கிறது? மந்தை எங்க இருக்கு?"

அங்கேதான் முடிச்சு விழுந்தது.

மந்தை என்றால் என்ன என்று இப்போது கேட்டால் ஆட்டுக் கூட்டம், மாட்டுக் கூட்டம் என்றுதான் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஆனால் அந்தச் சனத்துக்கு மந்தை என்பது முதலில் இடம். ஊர் மாடெல்லாம் காலையில் வந்து கூடுகிற, மேய்கிற, சாயங்காலம் அசை போட்டுக்கொண்டு படுத்திருக்கிற புல்வெளி. மாடு கூடுகிற இடத்தில் மாட்டுக்காரனும் கூடுவான். ஆள் கூடினால் பேச்சு வரும், வழக்கு வரும், தீர்ப்பு வரும். பிறகு ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி மந்தையம்மன் என்பார்கள். அக்கரையில் ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒன்று இருந்ததாம். மலை ஏறி வந்தவர்கள் அந்தச் சொல்லையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊத்துக்கல் தோட்டத்துக்கு மேலே, தேயிலை ஏறாத மொட்டை மலையில், மானாப்புல் இடுப்பளவு நின்ற பரப்பைச் சிங்களவர்கள் பத்தனை என்றார்கள். இவர்கள் அதை மந்தை என்றார்கள். கிராமத்து மாடும் அங்கேதான் மேய்ந்தது, லயத்து மாடும் அங்கேதான் மேய்ந்தது.

லயத்துப் பேச்சில் அந்தச் சொல் புழங்காத நாளில்லை. குடித்துவிட்டு வந்தவனிடம் பெண்டாட்டி, "மந்தையில வச்சுக் கேப்பேன்" என்பாள். ஒளித்து வைத்த சங்கதி வெளியே வந்தால் "மந்தைக்குப் போயிருச்சு" என்பார்கள். சொல்லத் தயங்கி முழுங்குகிறவனை, "என்னடா, மந்தைக்கு வாடா" என்று அதட்டுவார்கள். வருஷா வருஷம் வெயில் காலத்தில் மந்தைக்கு நெருப்பு வைப்பார்கள். கருகின இடத்தில் மழை விழுந்ததும் பச்சைப் பாய் விரித்தாற்போல் இளம்புல் எழும்பும். அப்போது கறக்கிற பாலே தனி மணம் மணக்கும்.

அந்த மலையில்தான் பைனஸ் என்ற ஊசியிலை மரம் நட ஆட்கள் வந்தார்கள். முதலில் உச்சியில் மட்டும் என்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்று வரிசை வரிசையாகக் கீழே இறங்கி வந்தது. நெருப்பு வைக்கக் கூடாது, மாடு விடக் கூடாது என்று ஒரு காவல்காரரையும் போட்டார்கள். மந்தையம்மன் கல்லைக் கிளப்பிக் கொண்டுவந்து கோயில் பின்பக்கம் வைத்தார்கள். அதற்குப் பிறகு தோட்டத்தில் வழக்குகள் அப்படியப்படியே நின்றுபோயின. ஒரு சேவலுக்காக முறைத்துக்கொண்ட இரண்டு வீட்டார், தீர்த்து வைக்க மந்தை இல்லாததால், இன்னும் முறைத்துக்கொண்டே இருந்தார்கள். சேவல் எப்போதோ குழம்பாகிவிட்டது.

"கோயில்ல வச்சுக் குடுக்கச் சொல்லுங்க, தாத்தா" என்றாள் வடிவம்மா.

"கோயில்ல தாலி கட்டலாம்மா, அறுக்கக் கூடாது."

"அப்ப காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல?"

"அது தொரையோட களம். தொரை 'போ'ன்னா எல்லாரும் போகணும். மந்தையில நிக்கிறத யாரும் வெரட்டக் கூடாது. மாடானாலும் சரி, மனுசனானாலும் சரி. அப்படி ஒரு எடத்துல நின்னு குடுத்தாத்தான் துரும்பு. இல்லாட்டி அது வெறும் புல்லு."

சின்னமாயன் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்ததை வடிவம்மா பார்த்தாள். மந்தை இல்லை, ஆகவே துரும்பும் இல்லை. அவன் அதைப் பிடித்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாடுகள் பிறகு எங்கே மேய்ந்தன என்றால், கடைச்சந்தியில் ஜுனைதீன் முதலாளியின் காணியில். ஜுனைதீன் பண்டாரவளைப் பக்கத்து மனுஷர். சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையும் பக்கத்தில் சில்லறைக் கடையும் வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் சரிவாகப் புல்லுக்காணி, அதன் மூலையில் அவர் ஆசையாகப் போட்ட போஞ்சி அவரைப் பாத்தி. மலையில் மாடு விடக் கூடாது என்றதும் லயத்துப் பால் நின்றுபோய்விடும் என்று அவருக்குக் கவலை. "நம்ம காணில கட்டுங்க, பால மட்டும் வேற கடைக்குக் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டார். வடிவம்மாவின் சிவப்புப் பசுவும் அங்கேதான் நின்றது.

மறுநாள் காலையில் பால் கொண்டுபோனவள், செம்பைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"என்ன புள்ள, சீனி வேணுமா?" என்றார் ஜுனைதீன்.

"ஒரு ஞாயித்துக்கெழம ஒங்க காணி வேணும், நானா" என்றாள். அண்ணனுக்கு அவர்கள் வீட்டுச் சொல் அது.

எதற்கென்று கேட்டார். சொன்னாள். ஜுனைதீன் கையிலிருந்த தேத்தண்ணி வடிகட்டியை அப்படியே வைத்துவிட்டார்.

"அல்லாவே! கல்யாணத்துக்குக் கேட்டா பந்தலும் போட்டுத் தாறேன். குடும்பம் பிரிக்கிறதுக்கா எங்கிட்ட எடம் கேக்குற? அந்தப் பாவத்துக்கு நான் ஆளில்ல. சின்னமாயன் தங்கமான பொடியன்."

"தங்கமான ஆளுதான். நான் இல்லன்னு சொன்னேனா?" என்றாள் வடிவம்மா. "தங்கம்னா கப்பல் நிக்குமா நானா?"

உள்ளேயிருந்து பலீலா வந்தாள். ஜுனைதீனின் மனைவி. கடை வாசலுக்கு வராமல் கதவுக்குப் பின்னால் நின்றே கடையை நடத்துகிறவள்.

"நீங்க கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள் புருஷனிடம். "அந்தப் புள்ள குடும்பத்தப் பிரிக்கல. அது எப்பவோ பிரிஞ்சு போச்சு, யாரோ எங்கயோ இருந்து பிரிச்சுட்டாங்க. இது இனிமே தான் வாழுறதுக்கு ஒரு வழி கேக்குது. நம்ம புள்ளைக்கு இப்படி ஒண்ணு வந்தா அந்தரத்துல விடுவீங்களா?"

ஜுனைதீன் வடிவம்மாவின் செம்பில் கேட்காத சீனியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். அது சம்மதம் என்று பலீலா கண்ணைக் காட்டினாள்.

ஆனால் சேவுகக் கங்காணி ஒப்புக்கொள்ளவில்லை. பிரம்பை ஊன்றிக்கொண்டு சந்திக்கு வந்து காணியைச் சுற்றிப் பார்த்தார்.

"மாடு நிக்கிது, புல்லு இருக்கு, எல்லாஞ் சரி. ஆனா இது மொதலாளி காணி. முள்ளுக்கம்பி போட்டு வச்சிருக்காரு. மந்தைக்கு வேலி உண்டா? இன்னாரு வரலாம், இன்னாரு வரக்கூடாதுன்னு மந்தையில உண்டா?"

"வேலி இல்லாட்டி?" என்று கேட்டார் ஜுனைதீன்.

"வேலி இல்லாட்டி, வர்றத யாரும் தடுக்காட்டி, அப்ப பாக்கலாம்."

"பாக்கலாம்னு சொல்லாதீங்க கங்காணியாரே. ஆகுமா, ஆகாதா?"

கங்காணி யோசித்தார். அக்கரையில் முதல் மந்தையை யார் உண்டாக்கியது என்று அவருக்கும் தெரியாது. யாரோ ஒருத்தன் தன் புல்லை மற்றவன் மாட்டுக்கு விட்டிருப்பான், அப்படித்தானே தொடங்கியிருக்க வேண்டும்?

"ஆகும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜுனைதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குறட்டோடு இறங்கினார். கட்டைகளிலிருந்து முள்ளுக்கம்பியை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டினார். வாசலில் குறுக்கே கிடந்த மூங்கில்களை உருவிச் சுவரோரம் சாய்த்தார். பெரகலைப் பக்கம் போகிற பஸ்ஸிலிருந்து சனம் எட்டிப் பார்த்தது, முதலாளி காணியை விற்றுவிட்டாரோ என்று. லயத்திலிருந்து மாடு வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கயிறு எதிலும் கட்டவில்லை, அவிழ்த்துவிட்டுவிட்டார்கள். கிராமத்து அப்புஹாமியின் எருமை ஒன்றும் வழி திறந்திருப்பதைப் பார்த்துத் தானாக வந்து சேர்ந்தது. அதைக் கண்டதும் கங்காணிக்கு ஒரு திருப்தி. "இப்ப சரி" என்றார்.

சனம் வட்டமாக நின்றது. பெத்தணனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக வைத்திருந்தார்கள். ஒச்சம்மா அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று அவர் வாயோரத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சின்னமாயா, தாளப் பிடுங்கு" என்றார் கங்காணி.

அவன் குனிந்தான். ஒரு தாளைப் பிடுங்கினான். பார்த்துவிட்டு, "இது கட்டையா இருக்கு" என்று போட்டான். இன்னொன்றைப் பிடுங்கினான். "இது காஞ்சு போயிருக்கு."

"நீ என்ன கூரை வேயவா போற? ஒண்ணப் பிடுங்குடா" என்றான் கூட்டத்தில் ஒருத்தன். சிரிப்பு எழுந்தது. சின்னமாயனும் சிரித்துவிட்டான். பிறகு மூன்றாவதாகப் பிடுங்கின தாளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான், நீட்டவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வீட்டு ஆடு ஒன்று, பின்னால் இரண்டு குட்டியோடு, திறந்து கிடந்த பக்கமாக உள்ளே நுழைந்தது. புல்லை முகர்ந்தும் பார்க்கவில்லை. நேரே மூலைக்குப் போய்ப் போஞ்சிப் பாத்தியில் வாயை வைத்தது.

"ஏய்! த்தூ!" என்று ஜுனைதீன் பாய்ந்தார்.

"மொதலாளி!" கங்காணியின் பிரம்பு குறுக்கே வந்தது. "வெரட்டக் கூடாது. வெரட்டினா மந்தை இல்ல. சொல்லித்தானே இருக்கேன்."

"கங்காணியாரே, போஞ்சி! பூ விட்டு இப்பத்தான் பிஞ்சு பிடிச்சிருக்கு!"

"நீங்கதான் ஆகுமா ஆகாதான்னு கேட்டீங்க."

ஜுனைதீன் கையைப் பிசைந்தார். ஆடு ஒரு கொடியை வேரோடு இழுத்தது. அவர் சின்னமாயனைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "தம்பி, குடுக்கிறதா இருந்தா குடுத்துரு ராசா. இல்லாட்டி இல்லன்னு சொல்லு. பாத்தி முழுக்கப் போகுது."

இந்தத் தடவை யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. சின்னமாயன் தாளைப் பார்த்தபடி பேசினான்.

"எல்லாருக்கும் முன்னால கேக்குறேன். நான் இவளுக்கு என்ன கொற வச்சேன்? அடிச்சேனா, குடிச்சேனா? துரும்பு குடுக்கிறவன்னா ஏதோ செஞ்சவன்னுதானே நாளைக்குப் பேசுவாங்க? நான் ஒண்ணும் செய்யலயே."

வடிவம்மா அவனுக்கு எதிரே நின்றாள். அவளும் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"ஒண்ணும் செய்யல. அதயும் மந்தையிலயே சொல்றேன், எல்லாருங் கேட்டுக்கங்க. இவுக ஒரு கொறயும் வைக்கல. கொற வச்ச ஆளா இருந்தா நான் துரும்பே கேட்டிருக்க மாட்டேன், தொலைஞ்சாப் போதும்னு இருந்திருப்பேன்." பிறகு அவனைப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, நீங்க அங்க போயி ஒரு மாசம் கடுதாசி போடாட்டி நான் என்னான்னு நெனைக்கிறது? காச்சலா, வேற பொண்ணா, கெணத்துல விழுந்தீங்களா? வருசம் பூரா இதையே நெனைச்சு நெனைச்சு, கடைசியில ஒங்கள வைய ஆரம்பிச்சுருவேன். எங்க சித்தி அப்படித்தான் வையிறா. நல்லா வச்சிருந்த மனுசன வையிறா. எனக்கு ஒங்கள வைய வேணாம்."

சின்னமாயன் கண்ணைத் துடைத்தான். "நான் திரும்பி வந்தா?"

"வந்தா வாங்க. கேட்டு வாங்க, நான் என்ன சொல்றேன்னு அப்பப் பாக்கலாம்."

அப்போதும் அவன் கை நீளவில்லை. ஒச்சம்மாதான் அண்ணனின் நாற்காலியை விட்டு முன்னால் வந்தாள். நடக்கும்போதே அழுதுகொண்டு வந்தாள்.

"குடுடா" என்றாள் மகனிடம். "இவ ஆத்தா சாகும்போது இவள எங்கையில பிடிச்சுக் குடுத்தா. நான் கெடுத்தது போதும். காடு கரைன்னு ஆசப்பட்டு எழுதிப் போட்டது நானு. எங்க அண்ணன் மகள இங்க கட்டிப் போட்டுட்டு அங்க போயி எனக்குச் சோறு எறங்குமா? அவ கேக்குறதக் குடுத்துட்டுத்தான் நான் கப்பல் ஏறுவேன். இல்லாட்டி நீயும் ஏறாத, நானும் ஏறல, எல்லாரும் இங்கனயே கெடப்போம்."

அவன் ஆத்தாளைப் பார்த்தான். தங்கச்சிகளைப் பார்த்தான். பிறகு தாளை நீட்டினான்.

வடிவம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவன் விரல் பட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவனும் அவசரப்படவில்லை. கங்காணி, "பாத்தீங்களா?" என்று கூட்டத்தைக் கேட்டார். "பாத்தோம்" என்றார்கள் எல்லோரும். நாற்காலியில் இருந்த பெத்தணனும் நல்ல பக்கத்துக் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"மந்தை முடிஞ்சுச்சா?" என்று கேட்டார் ஜுனைதீன்.

"முடிஞ்சுது."

அவர் ஆட்டை விரட்டிக்கொண்டு ஓடின ஓட்டத்தில் மூன்று முறை சறுக்கினார். பாத்தியில் மிஞ்சியது ஓரத்து வரிசை மட்டும்தான்.

துரும்பு வாங்கின நாளில் இரண்டு வீட்டாரும் ஒருவர் கையால் ஒருவர் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது கட்டு. வெயில் ஏறிவிட்டது, எல்லோருக்கும் நாக்கு வறண்டிருந்தது. பலீலா பெரிய கேத்தலில் பால் தேத்தண்ணி போட்டு அனுப்பினாள். அவள் இரண்டு வீட்டாரிலும் சேராதவள், ஆகவே குற்றமில்லை என்று கங்காணி சொல்லிவிட்டு முதல் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டார். பால் வடிவம்மாவின் பசு கொடுத்தது. சின்னமாயன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, சிவப்புப் பசு நின்ற பக்கம் பார்த்தான். பிறகு மீதியையும் குடித்து முடித்தான்.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்று உண்டு. ஒச்சம்மா வீட்டார் புறப்படுகிற அன்று பண்டாரவளை ஸ்டேஷனுக்கு வடிவம்மாவும் போனாள். போகலாமா கூடாதா என்று லயத்தில் இரண்டு நாள் பேசினார்கள். துரும்பு வாங்கினவளுக்கு அந்த ரயிலடியில் என்ன வேலை என்றாள் ஒருத்தி. வடிவம்மா காதில் வாங்காமல், அப்பனைப் பக்கத்துக் காம்பராக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒச்சம்மாவின் பாத்திர மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஸ்டேஷனில் ஒரே சனம். வேறு தோட்டத்துச் சனமும் மூட்டை முடிச்சோடு நின்றது. பாய்ச்சுருள், உரல், அம்மிக் குழவி, கோழிக்கூடை என்று கண்டதையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ரயில் வந்து நின்றதும் வடிவம்மா நாத்தனார்கள் இரண்டு பேரையும் முதலில் ஏற்றிவிட்டாள். பிறகு ஒச்சம்மாவின் கையைப் பிடித்தாள்.

"மருமகளே, எங்கண்ணன்..." என்று தொடங்கிய ஒச்சம்மாவுக்கு மேலே பேச வரவில்லை.

பக்கத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பொம்பிளை, பணிய லயத்தவள்தான், "இன்னும் என்னா மருமக? அதான் அத்துவிட்டாச்சே" என்றாள்.

ஒச்சம்மா திரும்பினாள். அழுகை போன இடம் தெரியவில்லை. "ஏண்டி, எங்க அண்ணன் மக எனக்கு மருமக இல்லாம வேற யாரு? அவ பொறந்த அன்னைக்கே நான் அத்தைடி. இவன் தாலி கட்டியா என்னைய அத்த ஆக்குனான்? ஒன் மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போ, வழிய விட்டு."

சின்னமாயன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். ரயில் ஊதியது. அவனுக்கு என்ன சொல்லி அவளைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

வடிவம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மச்சான், அத்தைக்கு ஊதக்காத்து ஆகாது. நீங்க இந்தப் பக்கம் இருந்துகிட்டு அவுகள உள்ள தள்ளி ஒக்கார வைங்க."

கல்யாணத்துக்கு முன்னால், பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற காலத்தில் அவள் அப்படித்தான் அவனைக் கூப்பிடுவாள். தாலி கட்டின பிறகு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

"சரி, வடிவு" என்றான். "மாமாவுக்குத் தேய்க்கிற எண்ணெய் மேல் பலகையில, டின்னுக்குப் பின்னால வச்சிருக்கேன். சூடு பண்ணித் தேய்க்கணும். சும்மா தேய்ச்சா பிடிக்காது."

"தெரியும், மச்சான்."

ரயில் நகர்ந்தது. கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள், பிறகு நின்றுகொண்டாள். கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்ததும் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். பஸ் நிற்கிற இடத்தில் பூக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வடிவம்மா ஒரு முழம் வாங்கினாள். பூக்காரி யாருக்கு என்னவென்று எதுவும் கேட்கவில்லை, அளந்து கொடுத்தாள். கூட நின்ற லயத்துப் பொம்பிளைகள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அப்பனுக்குக் கஞ்சி வைக்கிற நேரமாகியிருந்தது.